ஆதாரம் இல்லாத ஒரு வாக்கியம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே அவன் விழித்துவிட்டான். அடிக்கட்டும் என்று காத்திருந்தான். அடித்ததும் அணைத்தான். பல் துலக்கினான். அடுப்பில் தண்ணீர் வைத்து, கொதிக்கும் வரை பக்கத்திலேயே நின்றான். டீயையும் நின்றபடியே குடித்தான். ரொட்டித் துண்டு ஒன்றைக் கடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டான். முன்பக்கம் மட்டும். பின்பக்கம் நாற்காலியில் சாய்ந்து கசங்கத்தானே போகிறது என்பது அவன் கட்சி. உன் முதுகைப் பார்க்கிறவர்களும் மனுஷர்கள்தான் என்பது அவள் கட்சி. இப்போது எதிர்க்கட்சி இல்லை. முன்பக்கத்தோடு முடித்துக்கொண்டான்.

கேஸைத் திருகி மூடினான். கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தான். படியில் பாதி இறங்கிவிட்டுத் திரும்ப ஏறி, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. சுற்றி எல்லோரும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்க, அவன் முன்சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டு போனான். மனைவி போன பிறகு இப்படித்தான். வேலைக்கு என்றால் இணையத்தில் தேடுவான். தனக்கென்று எதையும் தேடுவதில்லை.

தேடுவதுதான் அவனுக்கு வேலையே. ஒரு கல்லூரி நூலகத்தில் ரெஃபரன்ஸ் மேசை அவனுடையது. அவன் முதுகுக்குப் பின்னால் தடித்தடியாக அகராதிகளும் கலைக்களஞ்சியங்களும் வரிசை கட்டி நிற்கும். யாரும் தொடுவதில்லை. எல்லாம் திரையில்தான். திரையில் எது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பதால், எதை நம்புவது என்று கேட்க அவனிடம் வருவார்கள். நூலகத்தின் இணையதளத்தில் 'நம்பிப் பார்க்கலாம்' என்று ஒரு பக்கத்தை அவன் வளர்த்து வந்தான். அகராதிகள், வரைபடங்கள், புள்ளிவிவரங்கள், சட்டம், மருத்துவம் என்று துறைவாரியாக நல்ல தளங்களின் முகவரிகள். அந்தப் பக்கத்துக்குள் ஒரு தளம் நுழைவது லேசுப்பட்ட காரியம் இல்லை. யார் எழுதியது, எப்போது எழுதியது, அவருக்கு அது எப்படித் தெரியும், எழுத வைத்துச் செலவு செய்கிறவர் யார் என்று அவன் குடைந்து எடுத்துவிடுவான்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். அதனால் அவள் அவனுக்கு 'ஆதாரம்' என்று பெயர் வைத்திருந்தாள்.

"இன்னிக்கு மழை வரும்போல இருக்கு."

"யார் சொன்னா?"

"வானம் சொல்லுதுய்யா, ஆதாரம்! தலையை வெளிய நீட்டிப் பாரு."

தலைமை நூலகரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். குட்டையான, வேகமான மனுஷி. நடக்கிறாரா ஓடுகிறாரா என்று சொல்ல முடியாது. ரெஃபரன்ஸ் மேசைக்கு அவர் இரண்டே விதிகள் வைத்திருந்தார். கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே. எங்கே இருக்கிறது என்று காட்ட முடியாததைச் சொல்லாதே. நூலகத்துக்குள் இந்த இரண்டும் ஒன்றோடு ஒன்று சண்டை போட்டதில்லை. பதில் கிடைக்காவிட்டால், "இதை அவங்ககிட்ட கேட்டுப் பாருங்க" என்று ஒரு முகவரியாவது கொடுத்து அனுப்பிவிடலாம்.

சண்டை வந்தது ஒரே ஒரு தடவை. அது நூலகத்தில் இல்லை.

அன்று காலை முதலில் வந்தவள் ஒரு முதலாமாண்டு மாணவி. கண்காட்சிக்குப் போஸ்டர் செய்கிறாளாம். ஒரு விஞ்ஞானியின் பொன்மொழி. எங்கே சொன்னார் என்று ஆசிரியை கேட்டிருக்கிறார்.

"எங்கம்மா எடுத்தே?"

"எல்லா இடத்துலயும் இருக்கு சார். தட்டிப் பாருங்களேன், பக்கம் பக்கமாக் கொட்டுது."

தட்டினான். கொட்டியது. சூரிய உதயத்தின் மேல், மலையின் மேல், பூவின் மேல், அதே வாக்கியம்.

"எதுலயாவது எந்தப் புத்தகம், எந்தப் பேச்சு, எந்த வருஷம்னு போட்டிருக்கா?"

"இல்ல சார். ஆனா இத்தனை பேர் சொல்றாங்களே?"

"இத்தனை பேர் சொல்லலம்மா. ஒருத்தர் சொன்னதை இத்தனை பேர் எடுத்துப் போட்டிருக்காங்க. பழைய தேதிக்குப் போய்க்கிட்டே இரு. கடைசியில ஒரே ஒரு ஆள் நிப்பான்."

திரையில் பின்னோக்கி நடந்தார்கள். ஒரு பக்கம் இன்னொன்றிலிருந்து எடுத்தது, அது மற்றொன்றிலிருந்து. அந்த விஞ்ஞானியின் எழுத்துகள் முழுவதையும் பதிப்பாசிரியர்கள் ஒரு தளத்தில் தேடிப் பார்க்கும்படி வைத்திருந்தார்கள். அதில் அந்த வாக்கியத்தின் நிழல்கூட இல்லை. எல்லாவற்றுக்கும் பழையதாக நின்றது ஒரு வாழ்த்து அட்டைக் கடையின் விளம்பரப் பக்கம்.

"ஐயோ! கார்டு விக்கிறவன் சொன்னதா இது?" அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா இருந்துச்சு சார், பாவம்."

"நல்லாத்தான் இருக்கும். நல்லா இருக்கணும்னுதான் எழுதுறாங்க."

"எதுக்கு சார் அப்படி ஒரு பொய்?"

"கேக்குறவங்களுக்குப் பிடிக்கும்ல."

சொல்லிவிட்டான். சட்டென்று திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். அந்த விஞ்ஞானி நிஜமாகவே சொன்ன வேறு ஒன்றை, பக்க எண்ணோடு தேடிக் கொடுத்து அவளை அனுப்பினான்.

மதிய இடைவேளையில் மச்சினி வந்து நின்றாள். மனைவியின் தங்கை. வீட்டில் அவளுக்கு வாலு என்றுதான் பெயர். அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் நிறைய வயசு வித்தியாசம். அக்கா வளர்த்த பிள்ளை என்றே சொல்லலாம். சக்கர நாற்காலி, ஊன்றுகோல், இடுப்புப் பட்டை விற்கும் மருத்துவ உபகரணக் கடையில் அவளுக்கு வேலை. கடைச் சீருடையோடேயே வந்திருந்தாள்.

"மாமா, ஒரு உதவி. வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

"சொல்லு."

போனை நீட்டினாள். செயற்கைக் கை, கால் செய்யக் கற்றுத்தரும் ஒரு பயிற்சி நிலையம். இரண்டு வருடப் படிப்பு. ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரத்து நகரம். விண்ணப்பித்திருந்தாள். தேர்வாகியும் விட்டாள். உதவித்தொகையும் உண்டு. வருகிறேன், இல்லை என்று நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"அடி! சொல்லவே இல்ல?"

"சும்மா போட்டுப் பாத்தேன் மாமா. கிடைக்கும்னு யாருக்குத் தெரியும்? அம்மா உடம்புக்கு அளவெடுத்துத் துணி தைக்கிறாங்க. நான் உடம்பையே தைக்கலாம்னு பாத்தேன்." சிரித்தாள். சிரிப்பு அரைகுறையாக நின்றது. "நீங்க இதை நல்லா நோண்டிப் பாத்து, ஃப்ராடுன்னு கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

"ஃப்ராடா இல்லையான்னு பாத்துச் சொல்றேன்."

"இல்ல மாமா. ஃப்ராடுன்னு சொல்லணும். அப்பதான் நான் நிம்மதியா விட்டுத் தொலைப்பேன். இல்லேன்னா ராத்திரி பகலா அதுவே மண்டைக்குள்ள ஓடிக்கிட்டிருக்கும். எப்படியும் போகப் போறதில்ல. அப்புறம் என்னத்துக்கு வயிறு எரியணும்?"

"ஏன் போகப் போறதில்ல?"

இது என்ன கேள்வி என்பதுபோல் அவனைப் பார்த்தாள்.

"அக்கா சொன்னதுக்கு அப்புறம் எப்படிப் போவேன்? 'அம்மாவைத் தனியா விட்டுடாதீங்க'ன்னுட்டுத்தானே போனா. உங்ககிட்டதானே மாமா சொன்னா."

அவன் திரையைப் பார்த்தான்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து சொல்றேன்" என்றான்.

அவள் போன பிறகு கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மனைவி இறந்த அன்று அந்த ஆஸ்பத்திரிக் காரிடாரில் ஒரு தண்ணீர்க் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவளுக்கு இதயத் தசையில் வீக்கம் என்று சொல்லி, அங்கே சேர்த்திருந்தார்கள். தேறிவிடுவாள் என்றுதான் டாக்டரும் சொன்னார். மாமியார் தையல்காரி. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தவர், மணிக்கட்டில் குண்டூசி குத்தி வைக்கும் பஞ்சு உருண்டையைக்கூடக் கழற்றவில்லை. வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எப்படி, ஏன் என்று ஒன்றும் கேட்கவில்லை. அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"கடைசியா என்ன மாப்பிள்ளை சொன்னா?"

கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பாதே. அவன் வாய் தானாகத் திறந்தது. எத்தனை வருஷப் பழக்கம். என்ன கிடைத்தால் இவருக்கு உதவும் என்று மூளை ஒரு நொடியில் தேடி, எடுத்து நீட்டிவிட்டது.

"அம்மாவைத் தனியா விட்டுடாதீங்கன்னு சொன்னா அத்தை."

அவர் அவன் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். அந்த நேரத்திலும் அவனுக்குள் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது. கேட்டதற்கு ஏதோ கொடுத்து அனுப்பியாகிவிட்டது. எங்கே இருக்கிறது என்று காட்டு என யாரும் கேட்கவில்லை. அவனேதான் ஆதாரம். பக்கத்தில் வேறு யாரும் இல்லையே.

அதோடு போயிருந்தால் சரி. மாமியார் அதை வெள்ளைத் துணியில் நீல நூலால் தைத்து, மகள் படத்துக்குக் கீழே மாட்டினார். அந்தத் துணியை மனைவியின் சித்தப்பா படம் எடுத்து, பின்னால் ஒரு சூரிய உதயத்தைச் சேர்த்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாளாம் என்று சித்தி சேர்த்தாள். மூன்று தரம் சொன்னாளாம் என்று இன்னொருவர். தைத்த துணியை வாங்க வந்த முன்பின் தெரியாத ஒரு மனிதர் மாமியார் வீட்டு வாசலில் அவனை நிறுத்தி, "உங்க சம்சாரத்துக்கு என்ன மனசு சார்!" என்றார். அவன் தலையாட்டினான். ஒவ்வொரு தலையாட்டலும் ஒரு மறுபதிப்பு. காலையில் அந்த மாணவியோடு நடந்ததுபோல் தேதி பார்த்துப் பின்னாலேயே போனால், கடைசியில் ஒரே ஒரு ஆள்தான் நிற்பான். சட்டையின் பின்பக்கம் இஸ்திரி போடாத ஆள்.

பிற்பகல் முழுவதும் அந்தப் பயிற்சி நிலையத்தைத் தேடினான். பார்த்த மாத்திரத்தில் ஃப்ராடு என்றுதான் யாரும் சொல்வார்கள். கண்ணைச் சிமிட்டும் சிவப்பு எழுத்துகள், மங்கலான படங்கள், எழுத்துப் பிழைகள். புகழ்ந்து எழுதியிருந்த நட்சத்திர மதிப்புரைகளை அவன் தொடவே இல்லை. அந்த நிலையம் தன்னைப் பற்றிச் சொல்வதை விட்டுவிட்டு, மற்றவர்கள் அதைப் பற்றி என்ன பதிந்து வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தான். உரிமம் தரும் கவுன்சிலின் தளத்தில் அங்கீகாரம் பெற்ற நிலையங்களின் வரிசை இருந்தது. அதில் இந்தப் பெயரும் முகவரியும் அப்படியே இருந்தன. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் காப்பகத்தில் பார்த்தான். பல வருடங்களாக அதே கட்டடம், அதே முதல்வர், அதே சிமிட்டும் எழுத்துகள். பெரிய ஆஸ்பத்திரிகளின் ஊழியர் பக்கங்களைத் திறந்தான். எங்கே படித்தார்கள் என்ற இடத்தில் இந்தப் பெயர் அங்கங்கே தலைகாட்டியது. ஆசிரியர் ஒருவர் முழங்கால் மூட்டைப் பற்றி ஒரு நல்ல ஆய்விதழில் எழுதியிருந்தார். கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டான். எடுத்த பெண்மணிக்குப் பின்னால் ஏதோ பட்டறைச் சத்தம். "கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, கால் தேய்ச்சுக்கிட்டிருக்காங்க" என்றார்.

அசல். சந்தேகத்துக்கு இடமே இல்லை. அவன் தேடியவற்றில் இவ்வளவு திடமாக ஒன்று அகப்பட்டது அபூர்வம்.

வாலுவுக்குச் செய்தி அடித்தான்: 'பாத்துட்டேன். நம்ப முடியாது. விட்டுடு.'

அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது. யாருக்கும் நஷ்டம் இல்லை என்றது மனசு. அவள்தான் இப்படிக் கேட்டாள். மாமியாரின் துணி சுவரிலேயே இருக்கும். அவனும் பழையபடி தலையாட்டிக்கொண்டு இருக்கலாம். முதல் பொய்க்கு ஒரு துணைப் பொய், அவ்வளவுதானே. அந்தத் தளத்தைப் பார்த்தால் ஃப்ராடு என்று குழந்தைகூட நம்பிவிடும்.

பக்கத்தில் காலடிச் சத்தம். மேடம்.

"என்ன, சாமி கும்பிடுற மாதிரி போனைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? பதில் கிடைக்கலியா?"

"கிடைச்சுடுச்சு மேடம். அதான் பிரச்சினை."

"கிடைச்சா கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. அதை அடைகாத்தா குஞ்சா பொரிக்கப் போகுது?" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார்.

செய்தியை ஒவ்வொரு எழுத்தாக அழித்தான்.

மாமியாரின் வீடு தரைத்தளத்தில். முன்னறைதான் தையல் கடை. ஜன்னலோரம் மெஷின், ஒரு மூலையில் உயரக் கண்ணாடி, கொடியில் ஜிப் மாற்ற வந்த பேண்ட்டுகள். அவன் போனபோது அவர் ஒரு கோட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசிகள்.

"வாங்க மாப்பிள்ளை" என்றார், ஊசிகளுக்கு நடுவிலிருந்து. "அந்த நாற்காலித் துணியை அந்தாண்ட தள்ளிட்டு உக்காருங்க. ஏன் இப்படி இளைச்சுப் போயிருக்கீங்க? அடுப்புப் பத்த வைக்கிறீங்களா, இல்லையா?"

"வைக்கிறேன் அத்தை."

மெஷின் பலகையில், பஞ்சு உருண்டையில், நூல் கோத்த ஊசிகள் நின்றன. கறுப்பு, வெள்ளை, பழுப்பு, நீலம். மாமியாருக்கு ஊசிக்காது தெரிவதில்லை. வாலு தினமும் கடைக்குப் போவதற்கு முன் கோத்து வைத்துவிட்டுப் போவாள். எதிர்ச் சுவரில் அவன் மனைவி சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே அந்த நீல எழுத்துகள். அவன் எப்போதும் உட்காரும் நாற்காலி அதற்கு முதுகு காட்டி இருக்கும். இன்றைக்கு அதைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தான்.

வாலு உள்ளேயிருந்து டீயோடு வந்தாள். கண்ணாலேயே கேட்டாள். பிறகு பொறுக்க முடியாமல் வாயாலும் கேட்டாள். "ஃப்ராடுதானே மாமா? அம்மாவுக்கும் சொல்லிட்டேன், பரவாயில்ல, சொல்லுங்க."

"இல்ல. அசல். நல்ல இடம்."

அவள் முகம் ஒரு நொடி பளிச்சென்றது. உடனே அவளே அதை அணைத்துவிட்டாள்.

"நல்லாத் தேடினீங்களா?"

"வெப்சைட் செய்யத் தெரியாதவங்க. வேலை தெரிஞ்சவங்க. அங்க படிச்சவங்க எங்கெங்க இருக்காங்கன்னு எல்லாம் பாத்துட்டேன்."

மாமியார் வாயிலிருந்து ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் குத்தினார். "நான் போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லிருப்பேனா மாப்பிள்ளை? கேட்டுப் பாருங்க அவளை."

"நீ சொல்லலம்மா. அக்கா சொல்லிட்டா. அது போதாதா?"

"அவ சொன்னதுக்கு நான் என்னடி செய்வேன்? நானா எழுதிக் கொடுத்துச் சொல்லச் சொன்னேன்? பெத்த வயித்தை நெனச்சுக்கிட்டே போயிருக்கா." சொல்லும்போதே அவர் கண் சுவருக்குப் போனது. குரலில் அலுப்பு இருந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அதுதான் அவனைக் குத்தியது.

"சரி விடு. முடிச்சுடலாம்." வாலு போனை எடுத்து, பேசிக்கொண்டே தட்டினாள். "வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலையால வர இயலவில்லைன்னு இங்கிலீஷ்ல அடிச்சிருக்கேன் மாமா. தப்புத் தவறு இருந்தா திருத்திக் கொடுங்க. போகலேன்னாலும் மரியாதையாப் போகாம இருப்போம்."

போன் அவன் கைக்கு வந்தது. திரையின் வெளிச்சம் அவன் முகத்தில் விழுந்தது. நன்றி இருந்தது, வருத்தம் இருந்தது, ஒரே ஒரு கால்புள்ளி தப்பான இடத்தில் இருந்தது. அதைத் திருத்திக் கொடுத்தால் போதும்.

போனைக் கவிழ்த்து மெஷின் பலகையில் வைத்தான்.

"அத்தை, அவ அதைச் சொல்லல."

"எதை?"

கையை நீட்டிக் காட்டினான். "அதை."

மாமியாரின் கை கோட்டின் மேல் அப்படியே நின்றது. வாலுதான் முதலில் பேசினாள்.

"என்ன மாமா சொல்றீங்க?"

"நானாச் சொன்னது. காரிடார்ல அத்தை கேட்டாங்க. ஏதாவது கொடுக்கணும்னு தோணுச்சு. கொடுத்துட்டேன்."

"ஆதாரமே இல்லாமயா?"

வாய் தவறி வந்துவிட்டது. அது அக்காவின் கேலி. அவளே நாக்கைக் கடித்துக்கொண்டாள். யாரும் சிரிக்கவில்லை.

"கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னான்னாங்களே?" என்றார் மாமியார்.

"அது சித்தி சேர்த்தது அத்தை."

"மூணு தரம் சொன்னது?"

"அது யார் சேர்த்தாங்கன்னு எனக்கே தெரியல."

மாமியார் கழுத்திலிருந்து அளவு நாடாவை உருவினார். விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

"என் பேரையே எடுக்கலியா?"

ஆமாம் என்றோ, கொஞ்சம் எடுத்தாள் என்றோ சொல்ல நாக்கு நுனியில் இடம் இருந்தது.

"இல்ல அத்தை."

"அம்மா..." என்று வாலு பக்கத்தில் போனாள். அவர் கையால் தடுத்தார். அவனைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சொன்னதுதான் சொன்னீங்க, அப்படியே விட்டிருக்கக் கூடாதா? எனக்குன்னு அது ஒண்ணுதானே மாப்பிள்ளை இருந்துச்சு."

"விட்டிருப்பேன் அத்தை. இவ அதை நம்பி நிக்கிறாளே."

வெளியே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். மாமியார் பஞ்சு உருண்டையைப் பார்த்தார். நூல் கோத்த ஊசிகளை ஆள்காட்டி விரலால் மெதுவாகத் தடவினார்.

"நூல் கோக்குறதுக்கு ஒரு கம்பி விக்கிறான் கடையில" என்றார், யாரிடமும் இல்லாமல். பிறகு மகளிடம், "அந்த மெயிலை அழிடி" என்றார்.

"அம்மா, நீ தனியா..."

"அழிடின்னா அழி. எம் பொண்ணு சொல்லாத வார்த்தைக்கு நீ எதுக்குடி உக்காந்து காவல் காக்குறே?"

வாலு போனை எடுத்தாள். அழித்தாளா, அழுதாளா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தாள் போலிருந்தது.

அவன் எழுந்தான். இனி இந்த வீட்டுக்குள் எந்த முகத்தை வைத்துக்கொண்டு வருவது என்று நினைத்தபடி செருப்பைத் தேடினான்.

"உக்காருங்க" என்றார் மாமியார். "அவ என்னதான் சொன்னா?"

அதே கேள்வி. அதே குரல். அவன் உட்கார்ந்தான்.

"அதுல ஒண்ணும் இல்ல அத்தை."

"ஒண்ணும் இல்லாததையே சொல்லுங்க."

படத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"மத்தியானம். தூங்குற நேரம்னு வார்டுல ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு லைட்டை அணைச்சிருந்தாங்க. நான் பக்கத்துல நாற்காலியில உக்காந்து போன்ல படிச்சுக்கிட்டிருந்தேன். அவ நோயைப் பத்தித்தான். காலையிலேருந்து குப்பையா வந்துக்கிட்டிருந்துச்சு. அப்பதான் ஒண்ணு அகப்பட்டுச்சு. நல்ல கட்டுரை அத்தை. ஒவ்வொரு வரிக்கும் எங்கேருந்து எடுத்ததுன்னு கீழ போட்டிருந்தான். எனக்கு..." நிறுத்தினான். இதை அவன் இதுவரை தனக்குள்ளேகூடச் சொல்லிப் பார்த்ததில்லை. "எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவு நல்லாக் கிடைச்சுடுச்சேன்னு."

வாலு தலையை நிமிர்த்தினாள்.

"அப்ப அவ ஒண்ணு சொன்னா. இரு, ஒரு நிமிஷம்னேன். அவ சொன்ன மாதிரியே செஞ்சேன். செஞ்சுட்டு மறுபடியும் படிக்க ஆரம்பிச்சுட்டேன். எவ்வளவு நேரம்னு தெரியல. முதுகுக்குப் பின்னால இதயத் துடிப்பு பாக்குற மெஷின் கத்தினப்புறம்தான் திரும்பிப் பாத்தேன்."

"என்ன சொன்னா?"

அவள் எப்படிச் சொன்னாளோ அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான்.

"யோவ் ஆதாரம், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி உக்காரேன். வெளிச்சம் கண்ணுல அடிக்குது."